பைக்கின் செயினும் பின்சக்கரமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அண்ணே, பின்சக்கரத்தில் செயினை இறுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறது. ஆனாலும் கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் போகிறது. ஏன்?

தம்பி, ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) இருக்கும் அந்தக் கோடுகளை அப்படியே நம்பிவிடாதே. இரண்டு பக்கமும் அவை துல்லியமாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. டேப்பை எடுத்து, ஸ்விங் ஆர்மை முன்னால் பிடித்திருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸில் (சக்கரத்தின் நடுத்தண்டு) நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினை நீளவாக்கில் பார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போக வேண்டும். ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரத்தை) விட்டு வரும் இடத்தில் செயின் சற்றே ஒடிந்து தெரிந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் பற்களையும் துடைத்துவிட்டுப் பார். பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று மின்னினால், வண்டி ரொம்ப நாளாகவே இப்படி ஓடியிருக்கிறது. இது எல்லாமே சரியாக இருந்தால் முன் ஃபோர்க்கையும் டயரையும் பார்க்க வேண்டும்.

அளந்து சரியாக வைத்தேன். ஆக்ஸில் நட்டை முறுக்கியதும் மறுபடி மாறிவிட்டது.

முறுக்கும்போது ஆக்ஸில் நகர்ந்துவிடுகிறது. சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி, அட்ஜஸ்டரில் ஒட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு முறுக்கு. பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு துணிச்சுருளைக் கொடுத்து, இன்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றினால் ஆக்ஸில் தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். முறுக்கி முடித்ததும் இன்னொரு தடவை அளந்துவிடு. நானே எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன், இன்றும் இந்த இரண்டாவது அளவை விடுவதில்லை.

செயின் எவ்வளவு தொய்வாக இருக்கலாம்?

உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. சாதாரண 100, 125 சிசி வண்டிகளுக்குப் செயின் மேலும் கீழும் ஆடும் அளவு பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே செயின் அதிகம் விறைப்பாக வருகிறதோ அங்கே அளவு வையுங்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் இன்னும் இறுகும். ரொம்ப இறுக்கினால் செயின் மட்டுமல்ல, கியர் பாக்ஸ் பக்கத்து பேரிங்கும் கெடும்.

டிரம் பிரேக் வண்டி. செயினை இறுக்கிய பிறகு பிரேக் பிடித்த மாதிரியே இருக்கிறது, அண்ணா.

சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடு (பெடலிலிருந்து பின்பிரேக்குக்குப் போகும் கம்பி) இழுபடும், தங்கச்சி. ராடு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவைச் சரிபார்த்துவிட்டு வண்டியை எடு. பிரேக் விளக்கு எப்போது எரிகிறது என்றும் பார்.

செயினை மட்டும் புதிதாக மாற்றினால் போதாதா?

போதாது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரமே நாசமாகும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டால் வேலை சுலபமாகிறது. செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் துணி மாட்டினால் அதோடு விரலும் போய்விடும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.