பல்சர்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: முதல் பல்சரை வேற்றுலகத்தார் அனுப்பும் சமிக்ஞை என்று நினைத்தார்களாமே?

பதில்: பல்சர் என்பது வேகமாகச் சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை நமக்குக் காட்டும் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த எச்சம். முதலில் வேற்றுலகத்தார் என்ற அந்த வாய்ப்பையும் எண்ணிப் பார்த்தார்கள். 1967-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவி ஜோஸ்லின் பெல், 81.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் ஒரு சிறு கீறலைக் கண்டார். நாளுக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம் ஓடும் அந்தப் பதிவில் துடிப்புகள் கலந்து கிடந்தன. நவம்பர் 28 அன்று காகிதத்தை வேகமாக ஓட்டியதும் 1.337 நொடிக்கு ஒன்றாகப் பிரிந்தன. கீறல் தினமும் 4 நிமிடம் முன்னதாகவே வந்தது. விண்மீன்கள் அப்படித்தான் வரும், மனிதர் உண்டாக்கும் இரைச்சல் வராது. அனுப்புவது ஒரு கோளாக இருந்தால், அது தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்பின் இடைவெளி கூடிக் குறையும். பூமியின் ஓட்டத்தால் வந்த மாற்றம் மட்டுமே தெரிந்தது. வானின் வேறொரு பகுதியில் பெல் இரண்டாவது பல்சரையும் கண்டதும் பேச்சு முடிந்தது. பல்சர் கண்டுபிடிப்புக்காகவும் தரப்பட்ட 1974 நோபல் பரிசில் பெல்லுக்குப் பங்கு தராதது பெரும் குறை.

கேள்வி: விண்மீன் விரிந்து சுருங்குவதாலும் துடிப்பு வரலாமே?

பதில்: இல்லை, சுழற்சியால்தான் வருகிறது. நண்டு நெபுலா என்ற விண்மீன் வெடிப்பின் எச்சத்தில் உள்ள பல்சர் 33 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்த வேகத்தில் சுழன்றால் வெண்குறுமீன் (சூரியனைப் போன்ற விண்மீனின் சுருங்கிய எச்சம்) சிதறிவிடும்; சுமார் 20 கி.மீ. விட்டமுள்ள நியூட்ரான் விண்மீன் தாங்கும். நியூட்ரான் விண்மீன் விரிந்து சுருங்கினாலோ துடிப்பு இதைவிடப் பலமடங்கு வேகமாக இருக்கும். மேலும், நண்டு பல்சரின் துடிப்பு இடைவெளி நாளுக்குச் சுமார் 36 நானோநொடி நீள்கிறது. ஆற்றலை இழந்து சுழற்சி தளர்வதன் அடையாளம் அது.

கேள்வி: பி0329+54 பல்சரை 400-416 மெகாஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் பதிவு செய்தோம். இரைச்சல்தான் தெரிகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் இரண்டு திருத்தங்கள் விடுபட்டிருக்கும். விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அலைவரிசையைத் தாமதிக்கின்றன. வழியில் எவ்வளவு எலக்ட்ரான் உள்ளது என்பதைக் காட்டும் எண் டி.எம். எனப்படும் சிதறல் அளவு. இந்தப் பல்சருக்கு அது 26.8, உங்கள் பட்டையின் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 52 மில்லிநொடி வித்தியாசம். துடிப்போ சில மில்லிநொடி அகலம்தான். அப்படியே கூட்டினால் கரைந்துபோகும். பட்டையைப் பல சேனல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரிய தாமதத்துக்கு நகர்த்திய பிறகே கூட்ட வேண்டும்.

அடுத்தது மடிப்பு: பதிவைச் சுழற்சிக் கால அளவில் துண்டாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது. 0.7145 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு ஏறத்தாழ 5,040 துடிப்புகள். இரைச்சலுக்கு எதிரான வலு அதன் வர்க்கமூல அளவில், சுமார் 71 மடங்கு உயரும். ஆனால் பட்டியலில் உள்ள காலம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கானது. பூமியின் ஓட்டத்தால் நீங்கள் அளக்கும் காலம் சில பத்து மைக்ரோநொடி மாறும். 50 மைக்ரோநொடி பிழை போதும், ஒரு மணி நேரத்தில் துடிப்பு கால் நொடி நகர்ந்துவிடும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பதிவு செய்த நாள், நேரம், இடத்துக்கேற்பக் காலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

துடிப்பு கிடைத்ததும் டி.எம்.-ஐச் சுழியத்திலிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். 26.8 அருகே உச்சம் வந்தால் அது பல்சர். சுழியத்திலேயே உச்சம் வந்தால் பக்கத்து மின்சாதனத்தைத் தேடுங்கள்.