ரத்து செய்யும் பொத்தான் எங்கே?

கேள்வி: பல ஆண்டுகளாக இணையதளங்கள் உருவாக்கும் டெவலப்பராக வேலை செய்கிறேன். தொழில்நுட்பம், அரசியல், அன்றாட வாழ்க்கை என்று எதைப் பற்றியும் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு. பெருநிறுவனங்கள் மக்களின் தகவல்களைச் சுரண்டுவதைப் பற்றி நண்பர்களுடன் மணிக்கணக்கில் விவாதிப்பேன். அண்மையில் எங்கள் தளத்தில் சந்தாவை ரத்து செய்யும் பக்கத்தை ஐந்து திரைகளாக மாற்றச் சொன்னார்கள். அதுவரை ஒரே சொடுக்கில் முடிந்த வேலை அது. மறு பேச்சில்லாமல் செய்து கொடுத்தேன். அன்றிரவு வழக்கம்போல் அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது, "ஊரைத் திருத்துவது இருக்கட்டும், இன்று பகலில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா? அல்லது தொழில் வேறு, கருத்து வேறு என்று இருந்துவிடலாமா? இரவு வெகுநேரம் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மனைவி கேட்டதைவிடக் கூர்மையான கேள்வி என்னிடம் இல்லை. ஆகவே, அவருக்கு நீங்கள் பதில் சொல்ல என்னால் உதவ முடியுமா என்று மட்டும் பார்க்கிறேன்.

'தொழில் வேறு, கருத்து வேறு' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் துறையில் அப்படி ஒரு வேலி என்றைக்குமே இருந்ததில்லை. உங்களுக்குச் சோறு போடும் உலகளாவிய வலையே (வெப்) ஒரு கொள்கை முடிவால் பிழைத்து வளர்ந்ததுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் அதற்கான யோசனையை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று, அந்த மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுத்தில் அறிவித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், வலைக்குப் போட்டியாக இருந்த 'கோஃபர்' என்ற அமைப்பின் சில பயன்பாடுகளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப் போவதாக மின்னசோட்டா பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. கோஃபரை நம்பியிருந்தவர்கள் மிரண்டு விலகத் தொடங்கினார்கள். இன்று 'கோஃபர் டெவலப்பர் தேவை' என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. எது இலவசம், எதற்குக் காசு, யாருடைய அனுமதி வேண்டும் என்பவையெல்லாம் அரசியல் கேள்விகள்தாம். அவற்றுக்கு அன்று எழுதப்பட்ட விடையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நீங்கள் நிரல் எழுதுகிறீர்கள்.

இனி உங்கள் ஐந்து திரைகள். நான் அவற்றைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த வகைப் பக்கங்களில் போதுமான அளவு மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் ஊகிக்கிறேன். முதல் திரையில் 'எங்களை விட்டுப் போகிறீர்களா?' என்று ஒரு சோக முகம். இரண்டாவதில், காரணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போகலாம். மூன்றாவதில் தள்ளுபடி. அதை மறுப்பதற்கான பொத்தானில், 'வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்த எனக்கு விருப்பமில்லை' என்று எழுதியிருக்கும். அதாவது, போகிறவரே தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். நான்காவதில் இழக்கப்போகும் சலுகைகளின் நீண்ட பட்டியல். ஐந்தாவதில் பளிச்சென்று 'தொடர்க' என்றொரு பொத்தான். எதைத் தொடர்வது, ரத்தையா, சந்தாவையா? உண்மையான ரத்து அதற்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில் இருக்கும்.

அந்தச் சாம்பல் நிறத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், நீங்கள் தொழில்காரர் ஆயிற்றே. நிறக் குறியீடு #999 என்றால், வெள்ளைப் பின்னணியோடு அதன் வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2.85-க்கு 1. வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5-க்கு 1. #767676 என்று மாற்றினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். அதோடு, அந்த ரத்தை முறையான பொத்தானாக எழுதாமல் சொடுக்கினால் மட்டும் வேலை செய்யும் வெறும் கட்டமாக எழுதியிருந்தால், விசைப்பலகையின் டேப் விசை அதில் நிற்காது. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. பார்வையற்ற ஒருவரின் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். அவர் அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருப்பார். இதைச் செய்ய யாரும் தீய எண்ணத்தோடு கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு டிக்கெட், அதாவது செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு, வந்தது, நீங்கள் முடித்தீர்கள், அது மூடப்பட்டது.

இத்தகைய உத்திகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பயனர் அனுபவ வடிவமைப்பாளர். அப்போது அது வடிவமைப்பாளர்களின் உள்வட்டப் புலம்பலாக இருந்தது. இப்போது அரசுகள் கையில் எடுத்திருக்கின்றன. குக்கீயை, அதாவது நம் உலாவலைக் கவனிக்கத் தளங்கள் நம் கருவியில் வைக்கும் சிறு கோப்பை, ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. இந்தியா 2023-இல் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. சந்தாவில் சிக்கவைப்பதும், மறுப்பவரை வெட்கப்படவைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரைம் சந்தாவில் சேர்த்த விதத்துக்காகவும் விலகுவதைக் கடினமாக்கியதற்காகவும் தொடரப்பட்ட வழக்கை, 250 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள அமேசான் 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஏற்கவில்லை. ரத்து செய்யும் அந்த நெடுவழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்ற மிக நீண்ட கிரேக்கப் பெருங்காப்பியத்தின் பெயரைச் சூட்டியிருந்தார்கள் என்று, வழக்கைத் தொடர்ந்த அமெரிக்க வணிக ஆணையத்தின் மனு சொன்னது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. தாங்கள் செய்வது என்னவென்றும் தெரிந்திருக்கிறது.

'மேலிடம் சொன்னது, செய்தேன்' என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காக உங்களை மதிக்கிறேன். இருந்தாலும் அந்த வாதம் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-இல் அம்பலமானது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருக்கு 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் சதியின் மூளை அல்ல, நிறுவனத்தின் மீது வைத்த விசுவாசத்தால் வழிதவறியவர் என்பதே அவர் தரப்பு வாதம். ரத்துப் பக்கத்துக்காக உங்களைச் சிறையில் போட யாரும் வரப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் கட்டளையிட்டவர் ஒருவர் இருந்தார் என்பதால் கை வைத்தவரின் பொறுப்பு கரைந்துவிடுவதில்லை.

சரி, வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். நீங்கள் இன்னும் ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லிப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் ராஜினாமா செய்வது வீரமாகத் தெரியலாம். உங்கள் நாற்காலியில் அடுத்து உட்காருபவருக்கு ஆறாவது திரைக்கான டிக்கெட் காத்திருக்கும், அவ்வளவுதான். அதற்காக, 'நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்யப்போகிறார்' என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதற்கும் இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கச் சொல்வது பேசுவதற்காக.

பேசும்போது அறத்தில் தொடங்காதீர்கள். உங்கள் மேலாளரும் இரவில் யாரிடமோ நியாயம் பேசுகிறவராக இருக்கலாம். 'இது அநியாயம்' என்று ஆரம்பித்தால், அவர் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். அவருக்குப் புரியும் கணக்கில் பேசுங்கள். ரத்து செய்ய முடியாமல் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர்? வாடிக்கையாளர் சேவைக்கு வரும் மின்னஞ்சல்களில் 'எப்படி விலகுவது' என்பவை எத்தனை? விலகியவர்களில் பிறகு திரும்பி வந்தவர்கள், பழைய ஒற்றைச் சொடுக்குக் காலத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? ஐந்து திரை வைத்த பிறகு விலகுவோர் குறைந்ததாக நிறுவனத்தின் புள்ளிவிவரத் திரையான டாஷ்போர்டு காட்டும். அதைக் காட்டித்தான் எல்லாரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கையில் தங்கியவர் எத்தனை பேர், வழி தெரியாமல் சிக்கிக்கிடப்பவர் எத்தனை பேர் என்று டாஷ்போர்டு பிரித்துச் சொல்லாது. அந்தக் கேள்வியைக் கேட்க அறையில் ஒருவர் வேண்டும்.

வெறுங்கையோடும் போகாதீர்கள். ஒரே திரை, அதில் சந்தாவைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க ஒரு பொத்தான், முழுவதுமாக ரத்து செய்ய அதே அளவில், அதே அழுத்தத்தில் இன்னொரு பொத்தான். இதை நீங்களே ஒரு பிற்பகலில் மாதிரியாக எழுதிக் காட்டிவிடலாம். தள்ளுபடி தர வேண்டுமா, தாராளமாகத் தரட்டும், அதே திரையில். பிறகு எழுத்தில் ஒரு கேள்வி: 'இந்த ரத்து முறையைச் சட்டப் பிரிவு பார்த்துவிட்டதா? இறுதி முடிவு யாருடையது?' மரியாதையான இரண்டு வரிகள் போதும். கூட்டத்தில் வாய்மொழியாகத் துணிச்சலாகப் பேசுகிற பலர், தங்கள் பெயரோடு எழுத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றவுடன் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாதவை ஒரு மூட்டை இருக்கின்றன. அவற்றை நாளையே தொடங்கலாம். எழுத்தின் நிறம், முறையான பொத்தான், படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய பெயர். இவையெல்லாம் நன்றாக வேலை செய்வது என்பதன் கீழேயே வந்துவிடும். பெயர்ப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்', இரண்டிலும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம். உலகில் ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு புள்ளியை வைப்பார்கள், அல்லது தங்கள் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். பிறகு அடையாள ஆவணத்தில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை என்று எங்கோ ஒரு கவுன்டரில் நிறுத்திவைக்கப்படுவார்கள். யாருடைய பெயர் இயல்பானது, யாருடையது பிழை என்று முடிவுசெய்தது யார்? அந்த நட்சத்திரத்தைப் போட்டவர். மிகப் பெரும்பாலும் அது யோசித்துச் செய்ததுகூட இல்லை, பழைய படிவத்திலிருந்து நகலெடுத்தது. உங்கள் அரசியலுக்கு இதைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் வேறு களம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களுடனான விவாதத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை பெருநிறுவனங்களைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் ஐந்து திரைக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களிடமும் ஒரு கதை இருக்கும். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு வேறு தரத்தில் இருக்கும். இன்னொன்றும் செய்யலாம். பல அரசுகள் தரவுப் பாதுகாப்பு, இணைய வணிகம் போன்றவற்றில் விதிகளின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றன. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். பொத்தானை நகர்த்தினால் என்ன நடக்கும் என்று நேரடியாக அறிந்தவர்கள்தாம் எழுதுவதில்லை. தெளிவாக ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அலுவலக ரகசியங்களையும் உள் ஆவணங்களையும் அதில் கொட்டிவிடாதீர்கள். பொதுவாகத் தெரிந்த நடைமுறையை விளக்கினாலே போதும்.

இரவுச் செய்தி விஷயம் சின்னதுதான். முடிவில்லாமல் நீளும் பக்கத்தை 2006-இல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். அதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்தின் அடியை எட்டினால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு சொடுக்கு தேவைப்பட்ட காலத்தில், அந்தச் சிறு தடையிலேயே பலர் படுக்கப் போய்விட்டார்கள். ஆக உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய நிரல்தான் உங்களை விழித்திருக்க வைக்கிறது. மன உறுதியை நம்பி அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். செய்தியைக் காலையில் ஒருமுறை, முடிவு உள்ள ஒரு நாளிதழிலோ செய்தித் தொகுப்பிலோ படியுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தெரிந்துகொண்டு நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை.

பேசிப் பார்த்து, மாதிரி காட்டி, எழுத்தில் கேட்டு, அதற்கும் மேல் ஆறாவது திரை கேட்டால், அப்போது வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கையில் ஒன்று உறுதியாகும்வரை இதை விடாதீர்கள். வாடகையும் தவணையும் உங்கள் கொள்கைக்காகக் காத்திருக்காது. நேர்காணலுக்குப் போகும் முன்பு அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பணத்தில் சந்தா சேர்ந்து, மறுநாள் ரத்து செய்து பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டு போனால், 'எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?' என்று கடைசியில் அவர்கள் கேட்கும்போது உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கும்.