தொப்பூர் இறக்கத்தில் பின்பக்கம் எழும்பி ஆடுவது குறித்து

வணக்கம். மனைவியுடன் தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் செல்லும்போது, பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) முழுமையாக இறுக்கிய பிறகும் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு மூன்று முறை எழும்பி அடங்குவதாக எழுதியிருந்தீர்கள். ப்ரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தையே மாற்றுகிறது. அமுங்கிய ஷாக் மீண்டும் எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்டு டேம்பிங் என்பதால், அங்கேதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

ஆனால் அதைத் தொடுமுன் அமுங்கும் அளவைப் பாருங்கள். பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில் அச்சிலிருந்து நேர்மேலே ஒரு புள்ளி வரை அளந்து, இருவரும் அமர்ந்தபின் மீண்டும் அளந்தால் கிடைக்கும் வித்தியாசம், சக்கரத்தின் மொத்த மேல்-கீழ் அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக, அதாவது 150 மி.மீ. அசைவுள்ள வண்டியில் 45 முதல் 50 மி.மீ. வரை இருக்க வேண்டும். முழுதும் இறுக்கியும் அதைவிட அதிகமாக அமுங்கினால், கடினமான வேறு ஸ்பிரிங்தான் தீர்வு.

உங்கள் ஷாக்கில் ரீபவுண்டு திருகு இருப்பதாகச் சொல்வதால், அதை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டி, சீட்டை அழுத்தி விட்டதும் பின்பக்கம் ஒரே தடவையில் எழுந்து நிற்கிறதா எனக் கவனியுங்கள். அளவு மீறினால் அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் மீள நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு கூட்டியும் மாற்றம் தெரியாவிட்டால், ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்று பாருங்கள். சோதனையைத் தயவுசெய்து கணவாயில், லாரிகளுக்கு நடுவே செய்யாதீர்கள். ஆளரவமற்ற சமதளச் சாலையே போதும்.