சிவா, திரும்பி வந்து படி!

வணக்கம்.

முப்பது வருடமாக ஆங்கில நாளிதழில் வரும் கிரிப்டிக் (குறிப்பிலேயே சொல்விளையாட்டை ஒளித்து வைக்கும்) குறுக்கெழுத்தைக் காலைக் காபியோடு போடுகிறவன் நான். போன வாரம் உங்கள் தமிழ்ப் புதிரில் ‘சிவா, திரும்பி வந்து படி (2)’ என்ற இரண்டெழுத்து விடைக்கான குறிப்பிலேயே மாட்டிக்கொண்டேன். பெயரைத் திருப்பிப் போடவேண்டும் என்று புரிந்தது. திருப்பினால் ‘ஆவிச்’ என்று ஏதோ வந்தது! விடை ‘வாசி’ என்று பார்த்ததும் எரிச்சல். 247 எழுத்தை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டெல்லாம் சரிப்படுமா?

மு.

அன்புள்ள மு.,

‘ஆவிச்’ படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னிக்கவும். உங்கள் ஆங்கிலப் புதிர்ப் பழக்கம் அப்படி. சிவாவை நீங்கள் ச், இ, வ், ஆ என்று உடைத்துத் திருப்பியிருக்கிறீர்கள். தமிழ்க் கட்டத்தில் ‘சி’ ஒரு கட்டம், ‘வா’ ஒரு கட்டம். உயிரும் மெய்யும் சேர்ந்தேதான் நகரும். மற்றபடி ஆங்கிலத்தில் நீங்கள் செய்வதேதான்: குறிப்பின் ஏதாவது ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கும், மீதி எழுத்து வித்தை. இங்கே ‘படி’ என்பதுதான் நேர்ப்பொருள். மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா என்று யோசித்தீர்களோ என்னவோ.

247 பற்றி. அது சுமை இல்லை, உங்கள் கையில் இருக்கும் சாவி. எட்டாம் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட இலக்கணம் இங்கே பென்சிலும் ரப்பருமாக உதவும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது அல்லவா? அப்படியானால் இடமிருந்து வலமாகப் போகும் சொல்லின் நடுவில் ஒரு கட்டத்திலிருந்து கீழே வேறொரு சொல் தொடங்கினால், அந்தக் கட்டத்தில் புள்ளி எழுத்து இருக்க முடியாது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் அங்கே கிடையாது. குறிப்பைப் படிக்காமலே இவ்வளவு கழிந்துவிட்டது. இன்னொன்று: க், ச், த், ப் நான்கில் ஒன்று விழுந்தால் அடுத்த கட்டத்திலும் அதே வரிசைதான். ‘க்’ என்றால் அடுத்தது க, கா, கி, கு... ‘பக்தி’ மாதிரி வடசொல் வந்தால் மட்டும் காலை வாரும். ‘ஸ்டேஷன்’ போடுகிற ஆட்களோடு நான் பேசுவதில்லை.

தமிழில் நிஜமாகவே வழுக்கும் இடம் விகுதிதான். ஒரு தடவை நான் கொடுத்த குறிப்பு: ‘தலை போன பிள்ளையாரே தலைவன் (4)’. விநாயகனில் ‘வி’ போனால் நாயகன். கதைப்படியும் அவருக்குத் தலை போனது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். என் அத்தை ‘நாயகர்’ என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்திலிருந்த ‘ர்’ரால் கீழே வரும் சொல் அடைத்துக்கொண்டு, மத்தியானம் வரை முழித்திருக்கிறார். கேட்டால், “சாமியைப் போய் அவன் இவன்னு எழுதுவாங்களாடா?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் குறிப்பில் ‘தலைவன்’ என்று ‘ன்’ போட்டிருக்கிறதே, அத்தை. விடை எந்த விகுதியில் முடியும் என்பதை நேர்ப்பொருள்தான் சொல்லும். அது ‘வீட்டில்’ என்றால் விடையிலும் ‘இல்’ வேண்டும். இதைக் கவனிக்காமல் குறிப்பு எழுதுகிறவரைத் தாராளமாகத் திட்டலாம், என்னையும் சேர்த்து.

ஆரம்பத்தில் நாலைந்து எழுத்துக்கு மேல் போகும் பெயர்ச்சொற்களில் கைவையுங்கள். கடைசிக் கட்டத்தில் லேசாக ‘ம்’ போட்டு வையுங்கள். பல நேரம் அழிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், சிவா இன்னும் படிக்க வரவில்லை. அவன் எங்கே என்று நீங்களே பாருங்கள்:

அங்காடிக்குப் பின்னால் சிவாவின் தலை, அதுவே இறுதி (3)