கேலரிக்காரர் பதில்கள்: முதல் வருஷம் டிக்கெட் வாங்கிப் போங்கள்

கேள்வி: சின்னதாக ஒரு கேலரி தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேரில் (கேலரிகள் ஸ்டால் போட்டுப் படம் விற்கும் சந்தை) அரங்கு எடுக்கலாம் என்கிறார் மனைவி. எனக்குப் பயமாக இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: உங்கள் பயத்துக்குத்தான் என் ஓட்டு. முதலில், காசு கட்டினால் கிடைத்துவிடும் சமாச்சாரம் இல்லை அது. விண்ணப்பம் போட வேண்டும், இதுவரை யார் யாருடைய படங்களை மாட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள். கிடைத்தாலும் செலவு வாடகையோடு நிற்காது. விளக்கு, கூடுதல் சுவர், படங்களை மரப்பெட்டியில் அடைத்து லாரியில் அனுப்புவது, இன்ஷூரன்ஸ், உங்களுக்கும் உதவியாளருக்கும் ஓட்டல் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வருஷம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போய் வாருங்கள்.

2008-இல் பிரகதி மைதானத்தில் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது ஓக்லாவில் என்எஸ்ஐசி மைதானத்தில் நடக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் நாலு நாள், முதல் நாள் அழைப்பு உள்ளவர்களுக்கு. அந்தச் சீசனில் டெல்லி மூடுபனி விமானத்தை எப்போது தாமதப்படுத்தும் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

போனதும் எல்லா அரங்கையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். உங்கள் கேலரி அளவில் இருக்கிற ஒரு பத்து அரங்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதே பத்துக்கு வெள்ளிக்கிழமையும் போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். விற்ற படத்தை வாங்கியவர் கையோடு கொண்டுபோய்விட்டால் பின்னால் உள்ள சின்ன ஸ்டோர் அறையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டுவார்கள். வெள்ளியன்று பெரிய நீலப் படம் இருந்த சுவரில் ஞாயிறன்று மூன்று சின்னக் காகித ஓவியங்கள் இருந்தால், அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். விற்றுவிட்டது என்று காட்ட ஒட்டும் சிவப்புப் பொட்டை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்துப் படத்துக்கு ஆள் இழுக்க ஒட்டுகிற பொட்டும் உண்டு! (எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்.)

அப்புறம் ஒரு விஷயம். முதல் தடவை போனபோது போனில் ஆயிரம் படத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தேன், ஊருக்கு வந்து பார்த்தால் எது யார் வரைந்தது என்று பாதிக்கு மேல் தெரியவில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை முதலில் எடுங்கள், பிறகு ஓவியத்தை. நேரம் இருந்தால் பக்கவாட்டில் நின்று கேன்வாஸ் ஓரத்தையும் பாருங்கள். மரச்சட்டத்தில் எப்படி இழுத்து அடித்திருக்கிறார்கள், ஆணியா ஸ்டேப்பிளா, மூலையில் துணியை எப்படி மடித்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

கேள்வி: நான் ஓவியர். ஆர்ட் ஃபேருக்கு வந்து கேலரிக்காரர்களிடம் என் படங்களைக் காட்டலாமா? (மதுரை வாசகி)

பதில்: காட்டாதீர்கள் அம்மா. அந்த நாலு நாளில்தான் அவர்கள் போட்ட காசை எடுத்தாக வேண்டும், நீங்கள் போனைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் தோளுக்கு மேலாக யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் அப்படித்தான். உங்கள் படத்தோடு ஒத்துப்போகிற கேலரி எது என்று அங்கே பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து எழுதுங்கள். உங்கள் அரங்கில் இன்னாருடைய படத்தைப் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தால், நிஜமாகவே வந்திருந்தவர் என்று தெரியும். அந்தக் கடிதத்தை நான் படிப்பேன்.

கேள்வி: பல அரங்குகளில் விலையே எழுதுவதில்லையே, ஏன்? (திருச்சி வாசகர்)

பதில்: கேட்க வைக்கத்தான். விலைப்பட்டியல் மேஜை டிராயரில் இருக்கும். வாங்குகிறவர் மாதிரி தெரியவில்லை என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள் (2025 செப்டம்பரில் ஓவியங்களுக்கு அது 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது). சொல்கிற விலையில் பெரும்பாலும் பாதி ஓவியருக்கு, பாதி கேலரிக்கு. விலை எழுதிப் போடாத இந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது, என் கேலரியில் எழுதித்தான் வைக்கிறேன்.

கேள்வி: சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் லட்சக்கணக்கான டாலருக்குப் போனதாமே? இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 2019 டிசம்பர், அமெரிக்காவில் ஆர்ட் பாசல் மயாமி பீச் என்ற கலைச் சந்தை. இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் செய்தது, பெரோட்டின் கேலரி அரங்கில் இருந்தது, விலை 1,20,000 டாலர். வாங்கியவர் கைக்குப் போவது பழம் இல்லை, எப்படி ஒட்ட வேண்டும் என்கிற குறிப்பும் சான்றிதழும். 2024 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. கலையா இல்லையா என்ற சண்டையை நீங்கள் போடுங்கள், எனக்கு அதில் வேறொன்றுதான் படுகிறது. கூட்டம் நெருக்கியடித்ததில், சுற்றி மாட்டியிருந்த படங்களுக்கும் பக்கத்து அரங்குகளுக்கும் ஆபத்து என்று கடைசி நாள் அந்தக் கேலரியே அதைக் கழற்றிவிட்டது. நாலு நாளுக்கு வாடகை கட்டிவிட்டு, பழத்தைப் பார்க்க வந்த கூட்டம் தன் படங்களை உரசிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து அரங்குக்காரரை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: டெல்லி ரொம்ப தூரம். கொச்சி பினாலே பார்த்தால் போதாதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள், ரயிலில் ஏறினால் ஒரு பொழுதுதான். ஆனால் அது கலைக் கண்காட்சி, சந்தை இல்லை. 2012-இல் தொடங்கியது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு, டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். அங்கே டிராயரைத் திறந்து விலைப்பட்டியல் எடுத்துக் கொடுக்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஃபோர்ட் கொச்சியில் பழைய கிடங்குகளுக்குள்ளே நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.