மோர்மன் மிஷனரியாக வெளிநாடு போகும் பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்?

மோர்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவத் திருச்சபை. மோர்மன் மிஷனரி என்பவர், அந்தத் திருச்சபை அனுப்பும் ஊருக்குப் போய் முழுநேரமாக மதம் போதித்து, அங்குள்ளவர்களுக்கும் உதவுபவர். இளைஞர்களுக்கு 2 வருடம், இளம்பெண்களுக்கு 18 மாதம்.

வழமையாகக் காலை 6.30க்கு எழும்பி செபம், வேதவாசிப்பு, தேவையென்றால் மொழிப்படிப்பு. அப்புறம் நாள் முழுக்க வெளியேதான். 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம்.

எப்போதும் துணை மிஷனரி ஒருவர் கூடவே இருப்பார். பாதுகாப்பு ஒரு காரணம். ஆனால் ஆன்மிக வளர்ச்சி பெரும்பாலும் நடப்பதே இங்கேதான் என்பேன்: தானே தெரிவு செய்யாத ஒருவரோடு சமைத்து, பிணங்கி, மன்னித்து வாழப் பழகுவது சின்ன விஷயமில்லை. வெள்ளவத்தையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த விரதக் கட்டுப்பாடு மாதிரித்தான் எப்போதும் துணையோடு இருக்கும் இந்த விதியும், மனம் சிதறாமல் இருக்க.

இது சம்பள உத்தியோகம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சம்பளமே கிடையாது. செலவுக்கும் மிஷனரிகளும் அவர்களின் குடும்பமும் முடிந்தளவு காசு போடுகிறார்கள்.