கிராஃபீன் கவசம் தாங்குமா?

கேள்வி: விண்வெளிச் சண்டை கேம்களில் கிராஃபீன் தகடு போட்ட கப்பல் எதையும் தாங்குகிறதே, நிஜத்தில் நடக்குமா?

பதில்: பாதி உண்மை, பாதி ரீல். கிராஃபீன் என்பது பென்சில் கரியில் இருக்கிற அதே கார்பன்தான், ஒரே அணு தடிமன். 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சாதாரண செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே பென்சில் கரியான கிராஃபைட்டிலிருந்து இதைப் பிரித்தார்கள், 2010-ல் நோபலும் வாங்கினார்கள். இழுவிசையில் எஃகைவிட நூறு மடங்குக்கு மேல் வலு, ஒரு சதுர மீட்டர் எடை ஒரு மில்லிகிராம்கூட வராது. ஆனால் பழுதே இல்லாமல் கப்பல் அளவுக்குத் தகடாகச் செய்ய வழியில்லை. அப்புறம் எதிரி சுடுகிற லேசர். கிராஃபீன் வெப்பத்தைச் சட்டென்று பரப்பிவிடும், சரி, வெற்றிடத்தில் அந்த வெப்பம் கதிர்வீச்சாகத்தானே வெளியேற வேண்டும்? வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரே இல்லாத கேம் கப்பலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.